பழசும் ஓடவில்லை: திருவல்லிக்கேணியில் ஒரு டெசராக்ட் கம்பைல்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குச் சாரிடமிருந்து போன். "புதுசு ஓடலைன்னா பரவாயில்ல தம்பி. நேத்து வரைக்கும் ஓடினதும் இப்ப ஓடலையே. ரெண்டு பேரும் சேர்ந்து என்ன பண்ணி வச்சீங்க?"

ரெண்டு பேரில் ஒருவன் நான். புதுசு, பழசு என்று அவர் சொன்னது, படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துத் தரும் டெசராக்ட் என்ற மென்பொருளின் இரண்டு வெர்ஷன்களை. முந்தின நாள் ராத்திரி போனில் நான் சொன்ன ஒரே ஒரு கட்டளைதான் பழையதையும் படுக்க வைத்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேளச்சேரியில் பறக்கும் ரயில் பிடித்துத் திருவல்லிக்கேணி வரை போக வேண்டியிருந்தது.

இடமும் மெஷினும்

சார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பாரதி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில் அவருக்கு ஓர் அறை உண்டு. பழைய வார இதழ்களின் பைண்டு வால்யூம்களை ஸ்கேன் செய்து, தேடக்கூடிய எழுத்தாக மாற்றி வைப்பது அங்கே நடக்கும் வேலை. காசு வராத வேலை. ஒரு பிளாட்பெட் ஸ்கேனர், ரிச்சி தெருவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப், 4 ஜிபி ரேம். அதில் உபுண்டு 22.04, குறைந்தபட்ச இன்ஸ்டாலேஷன். இணையத்துக்கு ஒரு டேட்டா டாங்கிள். கம்ப்யூட்டர் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன். கல்லூரி விட்டதும் நேரே அங்கே வந்துவிடுவான். நான் சர்வர் நிர்வாகத்தில் இருப்பவன். ஏதாவது சிக்கினால் எனக்குப் போன் வரும்.

படத்தை எழுத்தாக்குவது டெசராக்ட். 1980களில் ஹியூலெட்-பேக்கர்டில் உருவாகத் தொடங்கி, 2005இல் திறந்த மூலமாக வெளிவந்த ஓசிஆர் மென்பொருள். உபுண்டு 22.04இன் களஞ்சியத்தில் இருப்பது அதன் 4.1.1. ஆனால் 2021 நவம்பர் கடைசியிலேயே 5.0 வந்துவிட்டது. 5இல் எழுத்தை அடையாளம் காணும் நியூரல் வலையின் கணக்குகளை டபுளுக்கு (64 பிட் எண்) பதிலாக ஃப்ளோட்டில் (32 பிட் எண்) போடுகிறார்கள். அதனால் வேகம் கூடும். அந்தப் பழைய மெஷினில் ஒரு பக்கம் முடிய அரை நிமிடத்துக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது, வரிசையில் ஆயிரத்துச் சொச்சம் பக்கங்கள் நின்றன. பையனுக்கு ஆசை வந்ததில் தப்பில்லை. "5ஐ சோர்ஸ்லேர்ந்து போட்டுடறேன்ணா" என்றான். நானும் போடு என்றேன்.

வியாழன் மாலை

சோர்ஸ் என்பது மூல நிரல்; அதை ஓடும் மென்பொருளாகக் கட்டுவதுதான் கம்பைல். கட்ட வேண்டியதெல்லாம் மெஷினில் இருக்கிறதா என்று முதலில் சரிபார்ப்பது கான்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட். கிட்டிலிருந்து இறக்கிய டெசராக்ட் சோர்ஸில் அது தயாராக இருக்காது. ஆட்டோஜென் என்ற இன்னொரு ஸ்கிரிப்டை ஓட்டித்தான் அதை உண்டாக்க வேண்டும். பையன் ஓட்டினான். "சம்திங் வென்ட் ராங், பெயிலிங் அவுட்" என்று வந்தது. ஏதோ தப்பாகிவிட்டது, நான் கிளம்புகிறேன் என்று அர்த்தம். இந்த வரியை அப்படியே கூகுளில் போட்டுத் தேடி அரை மணி நேரத்தைத் தொலைத்தான். அதற்கு இரண்டு வரி மேலேயே "ஏக்ளோக்கல் இல்லை" என்று எழுதியிருந்தது. ஏக்ளோக்கல் வருவது ஆட்டோமேக் பேக்கேஜில். அதோடு லிப்டூல், ஆட்டோகான்ஃப்-ஆர்க்கைவ், பிகேஜி-கான்ஃபிக் மூன்றையும் சேர்த்துப் போட்டதும் அந்தப் படி தாண்டியது.

அடுத்தது கம்பைலர். டேட்டா தீர்ந்துவிடப் போகிறதே என்று "பரிந்துரைக்கும் பேக்கேஜ் எதுவும் வேண்டாம்" என்ற ஃப்ளாகோடு ஜிசிசி என்ற கம்பைலரை மட்டும் ஆப்ட்டில் (உபுண்டுவில் பேக்கேஜ் போடும் கருவி) போட்டிருந்தான். கான்ஃபிகர் நின்ற இடத்தில் வந்த எரர்: "சி பிளஸ் பிளஸ் கம்பைலரால் எக்ஸிக்யூட்டபிள் உருவாக்க முடியவில்லை." போனில் பையன் புலம்பினான்: "கம்பைலர் இருக்குண்ணா. வெர்ஷன் கேட்டா சொல்லுது. ஆனா உருவாக்க முடியலையாம். ஹார்ட் டிஸ்க் பர்மிஷன் ஏதாவதா?"

பர்மிஷன் பக்கமே போக வேண்டாம் என்றேன். கான்ஃபிக் லாக் என்ற ஃபைலைத் திறக்கச் சொன்னேன். இந்த ஃபைலை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லா லாகையும் போல இதன் வாலைப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. கடைசி சில நூறு வரிகளில் மாறிகளைக் கொட்டி வைத்திருக்கும். திரையில் வந்த எரர் வரியையே தேடி, அது முதலில் வரும் இடத்துக்குச் சற்று மேலே பார்க்க வேண்டும். அங்கே இருந்தது நாலு சொல்: "ஜி பிளஸ் பிளஸ்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்."

டெசராக்ட் எழுதப்பட்டது சி பிளஸ் பிளஸ்ஸில். அவன் போட்டது சி கம்பைலர். ஜி++, சி++ என்று தெரிந்த பெயர்களையெல்லாம் கான்ஃபிகர் தேடிப் பார்க்கும். ஒன்றும் அகப்படாவிட்டால் ஜி++ இருப்பதாகவே வைத்துக்கொண்டு ஒரு சின்ன நிரலைக் கம்பைல் செய்து பார்க்கும். இல்லாத ஆளைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வேலை செய்யவில்லை என்று நம்மிடம் புகார் சொல்கிற மாதிரி. ஜிசிசியை மட்டும் அதே ஃப்ளாகோடு போட்டால் இன்னொரு கூத்தும் உண்டு. லிப்சி6-டெவ் வராது. அப்போது சுத்தமான சி நிரல்கூட இதே எரரில் நிற்கும். லாகுக்குள் பார்த்தால் எஸ்சிஆர்டி1.ஓ கிடைக்கவில்லை என்று லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒட்டும் கருவி) அழுதுகொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான்: பில்ட்-எசென்ஷியல். ஜிசிசி, ஜி++, மேக், லிப்சி6-டெவ் எல்லாம் அதன் பின்னால் வந்துவிடும். கம்பைலரில் மிச்சம் பிடித்த டேட்டாவை அன்று ராத்திரியே யூடியூபில் செலவழித்தான் என்பது வேறு விஷயம்.

அதற்கடுத்து வந்த எரரில்தான் கதை தடம் மாறியது. அப்போது அது யாருக்கும் தெரியவில்லை.

படங்களைத் திறக்கவும் சுத்தம் செய்யவும் டெசராக்ட் லெப்டோனிகா என்ற லைப்ரரியை நம்பியிருக்கிறது. கான்ஃபிகர் சொன்னது இரண்டு வாக்கியம். முதலாவது: லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேல் தேவை. இரண்டாவது: லிப்லெப்டோனிகா-டெவ் பேக்கேஜைப் போட்டுப் பாருங்கள். பையன் முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிட்டான். மெஷினில் என்ன இருக்கிறது என்று, போட்ட பேக்கேஜ்களைக் காட்டும் டிபிகேஜியில் பார்த்திருக்கிறான்; லிப்லெப்ட்5 இருந்தது, பழைய டெசராக்டோடு வந்தது. "இருக்கு. ஆனா மேல வேணுங்குது. அப்ப இது பழசு" என்று கணக்குப் போட்டான். அந்த லிப்லெப்ட்5இன் வெர்ஷன் 1.82. 1.74ஐவிட 1.82 பெரிது என்று அவனுக்குத் தெரியாமலில்லை, அந்த நேரத்துக் கண்ணுக்கு எண் படவில்லை, அவ்வளவுதான். எனக்கும் இப்படி ஆனதுண்டு.

இந்த எரர் எழுதப்பட்ட விதத்திலும் கொஞ்சம் பழி இருக்கிறது. உண்மையில் அது எந்த வெர்ஷனையும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. லெப்ட் என்ற பெயரில் விவரக் குறிப்பு ஏதாவது உண்டா என்று பிகேஜி-கான்ஃபிக்கிடம் கேட்டது. அப்படி ஒன்றே இல்லை என்று பதில் வந்தது. அந்தக் குறிப்பு ஃபைலும், லைப்ரரியின் ஃபங்ஷன்களை கம்பைலருக்கு அறிவிக்கும் ஆல்ஹெடர்ஸ் என்ற ஹெடர் ஃபைலும், லிங்கர் தேடுகிற எண் ஒட்டாத .எஸ்ஓ (லைப்ரரி ஃபைல்) இணைப்பும் டெவ் பேக்கேஜில் இருப்பவை. ஓடுவதற்கு வேண்டிய .எஸ்ஓ.5 மட்டும் லிப்லெப்ட்5இல் இருக்கிறது. உபுண்டு போல டெபியன் லினக்ஸின் வழி வந்தவை எல்லாவற்றிலும் லைப்ரரியை இப்படி இரண்டாகப் பிரித்துத்தான் கொடுப்பார்கள். ஃபெடோரா பக்கம் போனால் டெவ் என்ற வால் டெவெல் ஆகும், ஏற்பாடு அதேதான். அதனால் லைப்ரரியை "இருக்கு" என்று ஒருவர் சொன்னால், ஓடுவதற்கா கம்பைல் செய்வதற்கா என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். அன்றைக்குக் கேட்கவில்லை. எனக்குப் போனே வரவில்லை.

பையன் நேரே லெப்டோனிகா 1.82இன் சோர்ஸையே இறக்கினான். கூடவே எங்கோ கிடைத்த ஒரு பழைய குறிப்பில் முன்னதாகப் போட வேண்டிய பேக்கேஜ்களின் வரிசை இருந்தது: பிஎன்ஜி, டிஃப் (இரண்டும் பட வகைகள்), ஜெட்லிப் (டேட்டாவைச் சுருக்கும் லைப்ரரி). அதில் லிப்பிஎன்ஜி12-டெவ், லிப்டிஃப்4-டெவ் என்று எழுதியிருந்தது. 22.04இல் அந்தப் பெயர்களே கிடையாது. வரிசையில் ஒரு பெயர் கிடைக்காவிட்டாலும் ஆப்ட் மற்றவற்றையும் போடாமல் நின்றுவிடும். முதலாவதை லிப்பிஎன்ஜி-டெவ் என்று மாற்றினான், ஏற்றுக்கொண்டது. டிஃப்புக்குச் சரியான பெயர் அகப்படவில்லை. அந்தப் பெயரை வரிசையிலிருந்து தூக்கிவிட்டு மறுபடி என்டர் தட்டினான். வெற்றி.

பேக்கேஜ் பெயர்களை ஊகிக்க முடியாது என்பது என் பல வருட எரிச்சல். ஜெட்லிப்பின் பேக்கேஜ் ஜெட்லிப்1ஜி-டெவ். நடுவில் அந்த "ஜி" எதற்கு? லினக்ஸ் பழைய லிப்சி5இலிருந்து (சி மொழியின் அடிப்படை லைப்ரரி) ஜிலிப்சிக்கு மாறிய காலத்தில், புதிய லிப்சியோடு கட்டியது என்று காட்ட ஒட்டிய எழுத்து. மாற்றம் முடிந்து கால் நூற்றாண்டு ஆகிறது, எழுத்து இன்னும் அங்கேயே குந்தியிருக்கிறது. அதனால் நான் பெயரை ஊகிப்பதில்லை. ஆப்ட்-ஃபைல் என்ற கருவியைப் போட்டு, ஒரு முறை அப்டேட் செய்துவிட்டு, கிடைக்காத ஹெடரின் பெயரையே கொடுத்துத் தேடுவேன். டிஃப்ஐஓ.ஹெச் எந்த பேக்கேஜில் என்று கேட்டால் லிப்டிஃப்-டெவ் என்று அதுவே சொல்லிவிடும்.

லெப்டோனிகாவின் கான்ஃபிகர் ஓடியது. மேக் ஓடியது. கட்டியதை /யூஎஸ்ஆர்/லோக்கலில் கொண்டுபோய் வைக்கும் மேக் இன்ஸ்டால் ஓடியது. எரர் ஒன்றுமில்லை. பிறகு டெசராக்டைக் கட்டும்போது, நாலு வேலையை ஒரே சமயத்தில் ஓடவிட்டதில் 4 ஜிபி ரேம் திணறி, கம்பைலர் "கில்ட்" என்று ஒரு தடவை செத்தது. இரண்டாகக் குறைத்ததும் சரியாயிற்று. இதை நான் சொல்லவில்லை, அவனே கண்டுபிடித்தான்.

ராத்திரி பதினொன்றுக்கு எனக்குப் போன். "எல்லாம் முடிஞ்சிதுண்ணா. ஆனா ஓட்டினா லிப்டெசராக்ட்.எஸ்ஓ.5ஐத் திறக்க முடியலைங்குது. ஃபைல் இருக்கு. யூஎஸ்ஆர் லோக்கல் லிப்ல கண்ணால பாக்குறேன்."

தூக்கக் கலக்கத்திலும் வாயில் வருகிற விடை இது. ஓடும் நேரத்தில் லைப்ரரிகளைத் தேடும் லோடர் ஒவ்வொரு ஃபோல்டராக அலைவதில்லை. ஒரு கேஷ் வைத்திருக்கிறது. புதிய ஃபைல் வந்த செய்தி அந்தக் கேஷுக்கு இன்னும் போகவில்லை. "சூடோ எல்டிகான்ஃபிக் போடுப்பா" என்றேன். போட்டான், ஓடியது. தமிழ் டேட்டா ஃபைலை /யூஎஸ்ஆர்/லோக்கல் பக்கம் நகலெடுத்து, ஒரு பக்கத்தை பிஎன்ஜியாக மாற்றிக் கொடுத்துப் பார்த்து, வெர்ஷன் காட்டும் திரையையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நான் கட்டைவிரல் ஒன்றைத் தட்டிவிட்டுத் தூங்கப் போனேன்.

வெள்ளி

அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை. சார் காப்பி வாங்கி வைத்திருந்தார், முகம் மட்டும் சரியில்லை. ஸ்கேனரிலிருந்து வருகிற மூலப் பிரதிகள் எல்லாமே டிஃப். நம்பிக்கையோடு ஒரு டிஃப் ஃபைலைக் கொடுத்தேன். "ஃபங்ஷன் நாட் பிரசென்ட்" என்ற எரர்.

முதலில் தோன்றியது, 5இல் ஏதோ கோளாறு என்றுதான். பழையதை ஓட்டிப் பார்ப்போம் என்று டெசராக்ட் என்று அடித்தால், கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் வரிசையான பாத்தில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் முன்னால் இருப்பதால் புதியதுதான் வரும். ஆகவே முழுப் பாதையும் கொடுத்து /யூஎஸ்ஆர்/பின்னில் இருக்கும் 4.1.1ஐயே ஓட்டினேன். அதுவும் அதே எரர். சார் சொன்னது சரி. ஆப்ட் போட்டது, யாரும் தொடாதது, வியாழக்கிழமை வரை இதே டிஃப்களை மென்று தின்றது, அதே பைனரி (கம்பைல் ஆன, ஓடும் ஃபைல்).

தொடாத பைனரி கெட்டால், அது சாய்ந்து நிற்கும் ஏதோ ஒன்றைத் தொட்டிருக்கிறோம் என்று அர்த்தம். எல்டிடி என்ற கட்டளை ஒரு பைனரி எந்தெந்த லைப்ரரியை எங்கிருந்து எடுக்கப் போகிறது என்று காட்டும். பழைய டெசராக்டுக்கு அதை ஓட்டினேன். வரிசையாகப் பல வரிகள் வந்தன. அதில் ஒன்று மட்டும் வேறு ஊர்க்காரன். மற்ற எல்லாம் /லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-குனு என்று தொடங்க, லிப்லெப்ட்.எஸ்ஓ.5க்கு எதிரே /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் என்று நின்றது.

பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "நான் போட்டதை இது ஏன்ணா எடுக்குது? இதுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கே."

இரண்டும் 1.82. இரண்டின் பெயரும் லிப்லெப்ட்.எஸ்ஓ.5. லோடருக்கு முழுப் பாதை ஒரு பொருட்டில்லை. பெயர் பொருந்தினால் போதும். உபுண்டுவில் எல்டிகான்ஃபிக் படிக்கும் குறிப்பு ஃபைல்களில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பைச் சொல்லும் ஃபைல் அகரவரிசையில் முன்னால் வருகிறது, எக்ஸ்86_64 ஃபோல்டரைச் சொல்வது பின்னால். அதனால் ஒரே பெயரில் இரண்டு இருந்தால் லோக்கல் ஜெயிக்கும். வியாழன் ராத்திரி பதினொன்று வரை பையன் கட்டிய லெப்டோனிகா கேஷில் இல்லாததால் பழைய டெசராக்டுக்கு ஆபத்தில்லை. எல்டிகான்ஃபிக் போட்டதும் கேஷுக்குள் வந்தது. போடச் சொன்னவன் நான்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட ஒரு சமாதானம்: நான் சொல்லாவிட்டாலும் அடுத்து எந்த லைப்ரரியை ஆப்ட் போட்டாலும் கடைசியில் லிப்சி-பின் ட்ரிகர் அதே எல்டிகான்ஃபிக்கைத்தான் ஓட்டியிருக்கும். இரண்டு நாள் தள்ளி வெடித்திருக்கும், அப்போது காரணத்தைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். உண்மைதான். ஆனால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பில் வேறு என்னென்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இனி, அந்த லெப்டோனிகாவுக்கு ஏன் டிஃப் தெரியவில்லை? படத்தின் ஒவ்வொரு வகைக்கும் லெப்டோனிகா இன்னொரு லைப்ரரியைக் கேட்கிறது. டிஃப்புக்கு லிப்டிஃப். கான்ஃபிகர் நேரத்தில் லிப்டிஃப்பின் டெவ் கிடைக்காவிட்டால் நிற்பதில்லை, ஓடும் பட்டியலில் "லிப்டிஃப்... நோ" என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடும். டிஃப் படிக்கும் ஃபங்ஷன்கள் இருக்க வேண்டிய இடத்தில் அதே பெயரில் வெறும் கூடுகளை வைக்கும். யாராவது கூப்பிட்டால் அந்தக் கூடு "ஃபங்ஷன் நாட் பிரசென்ட்" என்று சொல்லிவிட்டுத் திரும்பும். கம்பைலருக்கும் லிங்கருக்கும் லோடருக்கும் எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் பெயர்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன.

வியாழன் மாலை பார்த்த எரர்கள் எல்லாம் சத்தம் போட்டவை. ஏக்ளோக்கல் இல்லை என்றது, ஜி++ இல்லை என்றது, .எஸ்ஓ திறக்கவில்லை என்றது. சத்தம் வந்த நேரத்தை வைத்தே பாதி நோய் தெரியும். கம்பைல் நடுவில் ".ஹெச் ஃபைல் இல்லை" என்றால் டெவ் பேக்கேஜ். கடைசியில் எல்டி வந்து "மைனஸ் எல் இன்னது கிடைக்கவில்லை" என்றாலும் பெரும்பாலும் அதே டெவ்தான், எண் ஒட்டாத .எஸ்ஓ இல்லாத குறை. எல்லாம் முடிந்து ஓட்டும்போது "ஷேர்ட் லைப்ரரியைத் திறக்க முடியவில்லை" என்றால் டெவ்வைத் தொட வேண்டாம், லோடர் தேடும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்து நிமிட வேலை. அந்த ஒற்றை "நோ" மட்டும் முந்நூறு "யெஸ்"களுக்கு நடுவே ஓடி மறைந்து, சாரின் ஒரு முழு நாளைத் தின்றது.

அதைவிட எனக்கு உறைத்தது இன்னொன்று. வியாழன் ராத்திரி பையன் அனுப்பிய வாட்ஸ்அப் படத்தை மறுபடி திறந்தேன். டெசராக்டிடம் வெர்ஷன் கேட்டால் தன் எண்ணைச் சொல்லி, அடுத்து லெப்டோனிகாவின் எண்ணைச் சொல்லி, அதற்கடுத்த வரியில் லெப்டோனிகாவுக்குள் என்னென்ன பட லைப்ரரி இருக்கிறது என்றும் சொல்லும். உபுண்டு கொடுப்பதில் அந்த வரி நீளமாக இருக்கும்: ஜிஃப், ஜேபெக், பிஎன்ஜி, டிஃப், ஜெட்லிப், வெப்பி. பையன் அனுப்பிய படத்தில் இரண்டே பெயர்: பிஎன்ஜி, ஜெட்லிப். அதற்குக் கீழே என் கட்டைவிரல்.

சரிசெய்தது

முதலில் சாரின் வேலை ஓட வேண்டும், 5 பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். /யூஎஸ்ஆர்/லோக்கலில் ஏறிய லெப்டோனிகாவை இறக்க வேண்டும். மேக் அன்இன்ஸ்டால் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது கட்டிய சோர்ஸ் ஃபோல்டரிலிருந்து ஓட்டுவது. "இடம் அடைக்குதுன்னு அழிச்சிட்டேன்ணா" என்றான். பரவாயில்லை, அதே 1.82ஐ மறுபடி இறக்கி, அதே மாதிரி கான்ஃபிகர் செய்து, அங்கிருந்து மேக் அன்இன்ஸ்டால் போட்டோம். வெர்ஷன் மாறாமல் இருப்பது இங்கே முக்கியம், லெப்டோனிகா 1.83இலிருந்து லைப்ரரி ஃபைலின் பெயரே மாறிவிட்டது, வேறு வெர்ஷனை வைத்து அன்இன்ஸ்டால் செய்தால் இருக்க வேண்டியது போகாமல் அப்படியே கிடக்கும்.

எல்டிகான்ஃபிக். எல்டிடி. லிப்லெப்ட் சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தது. பழைய டெசராக்டுக்கு ஒரு டிஃப்பைக் கொடுத்தேன், எழுத்துகள் வந்தன. சார் ஒன்றும் பேசாமல் அடுத்த வால்யூமை ஸ்கேனரில் கவிழ்த்தார். அதுதான் அவர் பாராட்டு. இதற்கு ஆனது இருபது நிமிடம்.

பையன் நடுவில் ஒரு யோசனை சொன்னான்: உபுண்டுவின் லிப்லெப்ட்டுக்கு /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பிலிருந்து ஒரு சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைக் காட்டும் பெயர்) கொடுத்துவிட்டால் என்ன? இந்தத் தடவை அது வேலை செய்தும் இருக்கும். ஆனால் லைப்ரரி கிடைக்காவிட்டால் வேறொன்றுக்கு அதன் பெயரை வைத்துச் சமாளிக்கும் பழக்கத்தை நான் யாரிடமும் வளர்க்க விரும்பவில்லை. .எஸ்ஓவுக்குப் பின்னால் வரும் அந்த எண், உள்ளே இருக்கும் ஃபங்ஷன்களின் வடிவம் மாறவில்லை என்பதற்கான ஒப்பந்தம். 5ஐக் கேட்பவனுக்கு 6ஐ 5 என்று பெயர் சூட்டிக் கொடுத்தால் சில நாள் ஓடும். பிறகு ஒரு நாள் காரணமே தெரியாமல் விழும். அந்த நாளில் சிம்லிங்க் போட்டவர் அறையில் இருக்கமாட்டார்.

சனிக்கிழமை 5க்குத் திரும்பினோம். சோர்ஸ்ஸ் லிஸ்ட் ஃபைலில் கமெண்டாகக் கிடக்கும் டெப்-எஸ்ஆர்சி வரிகளைத் திறந்துவிட்டு, ஆப்ட்டின் பில்ட்-டெப் கட்டளைக்கு டெசராக்ட் என்று பெயர் கொடுத்தோம். களஞ்சியத்தில் இருக்கும் 4.1.1ஐக் கட்ட உபுண்டுக்காரர்களுக்கு எதெல்லாம் தேவைப்பட்டதோ, அத்தனையும் ஒரே கட்டளையில் இறங்கும்: கம்பைலர், ஆட்டோமேக், லிப்லெப்டோனிகா-டெவ் எல்லாம். 5க்கும் ஏறக்குறைய அதேதான் வேண்டும். வியாழன் மாலை முதல் வேலையாக இதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. டேட்டா தின்னும், அதை மறைக்கவில்லை.

டெசராக்ட் ஃபோல்டரில் மேக் டிஸ்ட்கிளீன் போட்டுப் பழைய கான்ஃபிகர் முடிவுகளைத் துடைத்தோம். இதை விட்டால் பழைய லெப்டோனிகாவின் பாதைகள் மேக்ஃபைல்களுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். இந்தத் தடவை பிரிஃபிக்ஸ், அதாவது கட்டியது போய் உட்காரும் ஃபோல்டர், /ஆப்ட்/டெஸ்5. இந்த "ஆப்ட்" வேறு, பேக்கேஜ் போடும் ஆப்ட் வேறு; தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிவதற்கு நான் பொறுப்பில்லை. தனி ஃபோல்டருக்குப் போனால் லிப்டூல் அந்தப் பாதையைப் பைனரிக்குள்ளேயே எழுதிவிடும், பொதுக் கேஷைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. வேண்டாம் என்றால் ஃபோல்டரை அழித்தால் முடிந்தது.

கட்டி முடித்து ஓட்டியதும் கடைசியாக ஒரு "இல்லை". டாம் (தமிழுக்கு டெசராக்ட் வைத்த சுருக்கம்) டேட்டா ஃபைலைத் திறக்க முடியவில்லை, எந்த மொழியும் ஏறவில்லை என்றது. உபுண்டுவின் தமிழ்ப் பேக்கேஜ் டேட்டாவை /யூஎஸ்ஆர்/ஷேர்/டெசராக்ட்-ஓசிஆர்/4.00/டெஸ்டேட்டாவில் வைத்திருக்கிறது; நாம் கட்டியது தன் பிரிஃபிக்ஸுக்குள் தேடுகிறது. 5க்கும் அதே டேட்டாவே பொருந்தும் என்பதால் டெஸ்டேட்டா-பிரிஃபிக்ஸ் மாறியில் பழைய ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தோம். பையன் கேட்காமலேயே வெர்ஷன் கட்டளையை ஓட்டி, மூன்றாம் வரியை விரல் வைத்துப் படித்தான். "டிஃப் இருக்குண்ணா."

ஒரு பக்கம் பதினெட்டு வினாடியில் முடிந்தது. முன்னே அரை நிமிடத்துக்கு மேல். அந்த மெஷினில், அந்த ஸ்கேன்களுக்கு, நாங்கள் கடிகாரத்தில் பார்த்த கணக்கு. எல்லா இடத்திலும் இப்படியே வரும் என்று சொல்ல மாட்டேன்.

சார் முதல் பக்கத்தைத் திறந்து மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. தும்பிக்கை தூக்கிய பழைய லை, ணை வருகிற இடமெல்லாம் 5உம் 4ஐப் போலவே தடுமாறியிருந்தது. "இதுக்கு ஏதாவது பேக்கேஜ் இருக்கா தம்பி?" என்றார். அதற்கு மாதிரிப் பக்கங்களைக் கையால் தட்டச்சு செய்து பயிற்சி கொடுக்க வேண்டும், அது வேறு வேலை என்றேன். எத்தனை பக்கம் வேண்டும் என்று கேட்டு டைரியில் குறித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அந்த அறைக்கு இன்னொரு செகண்ட் ஹேண்ட் மெஷின் வந்தது. பையன் தனியாகவே டெசராக்ட் 5ஐக் கட்டினான். லெப்டோனிகா சோர்ஸை இறக்கவில்லை. வேண்டியவை என்று அவன் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிய தாளில் நாலே வரி: பில்ட்-டெப், தனி பிரிஃபிக்ஸ், டெஸ்டேட்டா பாதை, வெர்ஷன் கட்டளையில் மூன்றாம் வரி. நாலாவதின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான்.